கண்ணளவு

ஜவ்வரிசி மில்லில் பத்தொன்பது வருஷம்
சல்லடைக்கு முன்னால் நின்றவள் நான்.
கம்பியைத் தடவினாலே விரல் சொல்லிவிடும்
எது விழும், எது தங்கும்,
மாவு ஈரமானால் எந்தக் கண் முதலில் அடைக்கும் என்று.

அதனால்
"உள்ளே ஒரு வலை வைப்போம்மா, தாங்கிப் பிடிக்கும்" என்று
ஐந்து ரோட்டு ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர் சொன்னபோது
நான் கேட்ட ஒரே கேள்வி
கண்ணளவு என்ன என்பதுதான்.
அவர் சிரித்தார்.
நர்ஸும் சிரித்தாள்.
நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

இடது மார்பைப் புற்று எடுத்துக்கொண்டது.
அதை நான் வழக்கில் சேர்க்கவில்லை.
அதற்கு எதிர்மனுதாரர் யாரும் கிடையாது.
வழக்கு,
இல்லாமல் போன இடத்தில் கொண்டுவந்து வைத்ததைப் பற்றி.

மூன்றாம் மாதம் சிவந்தது.
ஆறாம் மாதம் தைத்த கோட்டின் ஓரத்தில்
கடுகளவு துளை.
ரவிக்கையை நனைக்கிற மஞ்சள் நீர்.
கிழங்கு ஊறின தொட்டியைக் கழுவாமல் விட்டால் வருமே
அந்த வாடை.
மாதேசு போர்வையை எடுத்துக்கொண்டு
லாரியிலேயே படுக்கப் போனான்.
விடியக்காலை ஹூப்ளி லோடு என்றான்.
அந்த வருஷம் முழுக்க
தினமும் விடியக்காலை ஹூப்ளி லோடு.

பதினான்காம் மாதம் பிரித்து எடுத்தார்கள்.
கழிவில் போட்டுவிடுவோம் என்றார்கள்.
குடுங்க என்றேன்.
மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கொடுத்தார்கள்.
கண்ணாடி பாட்டிலுக்குள் சுருண்டு கிடந்தது,
பாதி பிளாஸ்டிக், பாதி நான்.
ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை.

அஸ்தம்பட்டியில் வக்கீல் நூர்ஜஹான்
முதலில் கேட்டது ஸ்டிக்கர்.
பெட்டியிலிருந்து உரித்து
கேஸ் ஷீட்டில் ஒட்டியிருக்க வேண்டுமாம், நம்பரோடு.
என் கேஸ் ஷீட்டில்
அந்த இடத்தில் பசைத் தடம் இருக்கிறது.
ஒரு மூட்டை ஜவ்வரிசிக்குக்கூட நாங்கள் நம்பர் அடிப்போம்.
நாக்பூரில் யாருக்கோ கல் கடித்தால்
மூன்றாம் நாள் மில்லுக்கு போன் வரும்.

ஏழு மாதம் கேட்டுக் கேட்டு
கம்பெனியின் விளக்கத்தாள் வந்தது.
குடலிறக்கத்துக்கு என்று போட்டிருந்தது.
படத்தில் ஒரு ஆணின் வயிறு.
தொப்புளைக்கூட அழகாக வரைந்திருந்தார்கள்.
பொடி எழுத்தை நூர்ஜஹான் விரல் வைத்துப் படித்தார்.
எந்தப் பக்கத்திலும் மார்பு இல்லை.

மனு டைப் செய்த பையனும்
அந்தச் சொல்லைத் தவிர்த்திருந்தான்.
"மனுதாரர் பூங்காவனம், வயது 46, அவரது மேற்படி உறுப்பில்"
என்று அடித்திருந்தான்.
மேலே எங்கேயும் சொல்லாமலே மேற்படி.
நான் பேனா வாங்கித் திருத்தினேன்.
ஐந்து இடம்.

ஆணையத்தில் கம்பெனி வக்கீல்
என் முகத்துக்குக் கீழே பார்க்காமலிருக்க
கூரை மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டார்:
"ஆறாவது வாரமே வேலைக்குப் போய்
சல்லடை தூக்கினீர்களா?"
தூக்கினேன், வலது கையால்.
"தூக்கினார், குறித்துக்கொள்ளுங்கள்."
வலது கையை யாரும் குறிக்கவில்லை.

வாய்தா.
ஏப்ரல் பதினேழு.
பாட்டிலை இன்றைக்கும் மேஜைமேல் வைக்கச் சொல்லவில்லை.

ஆத்தூர் பஸ்ஸில் மஞ்சப்பையை மடியில் வைத்திருந்தேன்.
பக்கத்து சீட்டுப் பெண்
வளைவில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.
"ஊறுகாயாக்கா?"
ஆமா.
"மாவடுவா?"
அதற்குள் அயோத்தியாப்பட்டணம் வந்துவிட்டது.
தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள்,
"பாத்துக்கா, எண்ணெய் கசியப்போகுது" என்று சொல்லிவிட்டு.

மூடியை
இன்னொரு முறை இறுக்கினேன்.